கீப்பர் இல்லாத வருடம்

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி, லீக்கில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அதற்கு முந்தைய வருடம் அரையிறுதி வரை போன அணி. பயிற்சி கொடுத்த பி.டி. மேடமும் அவரே, மைதானமும் அதே, ஆடியவர்களும் பெரும்பாலும் அதே பெண்கள். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவள் மட்டும் மாறியிருந்தாள். முந்தைய வருடம் நின்றவள் என் சிநேகிதி. அந்த வருடம் நின்றது நான்.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வகுப்பிலும் பஸ்ஸிலும் கேண்டீனிலும் அவள் 'கீப்பர்'தான். சேரன்மகாதேவி தாண்டி, கால்வாய்க் கரையில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயல் வேலைக்குப் போகிறவர்கள். நடவு, களையெடுப்பு, வாழைத்தார் சுமப்பது என்று அன்றைக்கு எது கிடைக்கிறதோ அது. இரண்டு பஸ் மாறி, பாளையங்கோட்டை வந்து இறங்கும்போதும் அவள் தலையில் ஈரம் காய்ந்திருக்காது. நல்ல உயரம். நீளமான கைகள். எதிரணிப் பெண் பந்தை உதைக்கக் காலைத் தூக்கும்போதே இவள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருப்பாள். பெரும்பாலும் பந்து அந்தப் பக்கம்தான் வரும்.

போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது விளையாட்டில் இருப்பவர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. அவள் அதற்காக ஆடினாள். வீட்டிலும் அதற்காகத்தான் விட்டார்கள். "எங்கம்மாவுக்கு ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது. காக்கிச் சட்டன்னா தெரியும்" என்பாள்.

என் கதை வேறு. பாளையங்கோட்டையிலேயே வீடு. அப்பா கோர்ட்டில் எழுத்தர், அம்மா பள்ளி ஆசிரியை. படிப்பு முடிந்தால் பி.எட்., அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடம் என்று எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்த வீடு. கால்பந்தை ஒரு சிறு பிடிவாதமாக நினைத்து விட்டுக்கொடுத்திருந்தார்கள். நான் தடுப்பில், கோலுக்கு நேர் முன்னால் நிற்பேன். எனக்குப் பின்னால் அவள். அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நான் ஆடினேன். "வலது பக்கம்", "ஏறு", "விடு" என்று ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பாள். பந்து உயரமாக வந்து, அதைத் தானே பிடிக்கப் போகிறாள் என்றால் "கீப்பர்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். மேடம் எங்களுக்கு முதல் வருடம் முதலே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். லீக் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. சாயங்காலப் பயிற்சியில் நாங்களே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தோம். செம்மண் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. தூறல் வலுத்தது. மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இடது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. நான் அதைப் பார்த்தபடியே பின்னால் ஓடிக் குதித்தேன். காற்றில் இருக்கும்போதே யாரோ மேலே மோதியது தெரிந்தது. இருவரும் விழுந்தோம். நான் கீப்பரின் வலது காலுக்குக் குறுக்கே விழுந்தேன். என் உடம்பின் முழுக்கனமும் அந்த முட்டின் மேல். காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். பிறகுதான் அவள் அலறினாள். பந்து அவள் கையிலேயே இருந்தது.

அவள் "கீப்பர்!" என்று குரல் கொடுத்திருந்தாள். தூரத்தில், மைதானத்தின் மறுபாதியில் நின்ற பெண்களுக்குக்கூடக் கேட்டது. எனக்குக் கேட்டதா? அதை என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்கவில்லை என்றுதான் அன்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். மழை பெய்தது. ஆனால் சில நாட்களில், அந்தக் குரல் என் காதில் விழுந்தது போலவும், விழுந்தும் இந்தப் பந்தை நான் தலையால் முட்டிவிடுவேன் என்று ஒரு நொடி நினைத்தது போலவும் தோன்றும். அது நினைவா, பின்னால் நானே உண்டாக்கிக்கொண்டதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஆட்டோவில் மேடம் மடியில் அவள் காலை வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். "பைய இறக்குங்க, பைய" என்று, மெதுவாக இறக்கும்படி அவளே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்த பிறகு, முட்டு ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் செய்ய வேண்டும், மறுபடி ஓடுவதற்கு எப்படியும் ஒரு வருடம் ஆகும், ஓடினாலும் முன்போல் என்று சொல்ல முடியாது என்றார்.

இருட்டுகிற நேரத்தில் அவள் அம்மா வந்தார். பிசானப் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்த சமயம். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார் போல. சேலை ஓரத்தில் சேறு காய்ந்து விறைத்திருந்தது. மகளின் தலையைத் தடவிவிட்டு, சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"நீதான் இவகூட விளையாடுத பிள்ளையா? அழாத. விளையாட்டுன்னா விழத்தான செய்யும்."

"அம்மா, அவளா விழல. நான் மேல விழுந்துதான் இப்படி ஆயிட்டு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நீ என்ன வேணும்னா விழுந்த? உனக்கு எங்கயும் அடி படலையே?" என்றார். கையிலிருந்த பையில் துழாவி ஒரு பன்னை எடுத்து நீட்டினார். "ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. இதத் தின்னு."

நான் தின்றேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

வீட்டில் அப்பாவும் அதையேதான் சொன்னார். மேடமும் சொன்னார். அணியில் எல்லோரும் சொன்னார்கள். உன் தப்பு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் அத்தனை பேரிடமிருந்து கேட்டேன். அம்மா, எங்கள் பக்கம் கல்யாண விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதியை வைத்துத் தூக்குவாளியில் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டாள். கீப்பர் அதைக் குடித்துவிட்டு, "உங்க வீட்டுல தெனமும் கல்யாணச் சாப்பாடுதானா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மேடம் எங்களை மரத்தடியில் உட்காரவைத்தார். எங்களிடம் இரண்டாவது கீப்பர் கிடையாது. அவள் இருக்கும்போது தேவைப்படவும் இல்லை.

"யாராவது ஒருத்தி நிக்கணும்" என்றார் மேடம்.

நான் கையைத் தூக்கினேன். கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, நீ கோலுக்குப் போயிட்டா முன்னால யாரு நிப்பா?"

"நான் நிக்கேன் மேடம்" என்றேன், அவளுக்குப் பதில் சொல்லாமல்.

எனக்கு உயரம் கிடையாது. தாவத் தெரியாது. விழத் தெரியாது. ஆனால் நான் கேட்ட விதத்தைப் பார்த்து யாரும் மறுக்கவில்லை. இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் ஆட்டம் நாகர்கோவிலில். எத்தனை கோல் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். வேனில் திரும்பி வரும்போது ஒருத்தியும் என்னைக் குறை சொல்லவில்லை. கேப்டன் தன் கைக்குட்டையை நனைத்து என் சிராய்த்த முழங்கையில் வைத்துவிட்டாள். இரண்டாவது ஆட்டம் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில். அங்கேயும் அப்படியே. பந்து என்னைத் தாண்டிப் போய் வலையில் விழும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு விசித்திரமான அமைதி வந்தது. சரிதான், இது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்பது போல. அந்த அமைதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஹேண்ட்பால் அணியில் கோல் காக்கிற ஒரு பெண் மேடத்தைத் தேடி வந்தாள். காயல்பட்டினத்துக்காரி. வாப்பா துபாயில் வேலை பார்க்கிறார். விடுதியில் தங்கிப் படித்தாள். முழுக்கைச் சட்டையும் தலையில் இறுகக் கட்டிய துணியுமாக அவள் தாவிப் பிடிப்பதை நாங்கள் வேடிக்கை பார்த்ததுண்டு.

"மேடம், கால்பந்து எனக்குத் தெரியாது. ஆனா பந்தப் பிடிப்பேன். வேணும்னா நிக்கட்டுமா?" என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

"இன்னும் ரெண்டு மேட்ச் பாருங்க மேடம். பழகிருவேன்" என்றேன்.

மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார். அந்தப் பெண் விடுதிக்குத் திரும்பிப் போனாள். கேப்டன் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதுதான் கடைசி வருடம்.

ஆபரேஷன் முடிந்து கீப்பர் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். பஸ் பத்தமடையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புதிதாக நட்ட நெல்லும் தண்ணீருமாக இருந்தது. வரிசையாகக் குனிந்து நின்ற பெண்களில் அவள் அம்மாவும் இருப்பாரோ என்று ஜன்னல் வழியே தேடிக்கொண்டே போனேன். ஒற்றை அறை வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி வைத்திருந்தாள். அணியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். நான் மழுப்பினேன். கடைசியில் சொல்லியேவிட்டேன்.

"அன்னைக்கு நீ கத்துனது எனக்குக் கேக்கலட்டி."

"மழைல்லா பெஞ்சுது. கேட்டிருக்காது." அவள் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விடு. அதையே பேசாத."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இப்போது நினைத்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது.

மூன்றாவது ஆட்டமும் போயிற்று. நான்காவது எங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஊன்றுகோலோடு கீப்பர் வந்துகொண்டிருந்தாள். அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாள். மேடத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் இன்னும் மோசமாக நின்றேன். நேராக என் கைக்கு வந்த பந்தையும் தவறவிட்டேன். அவள் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் குழாயடிக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன வா. ஒக்காரு."

உட்கார்ந்தேன். "மன்னிச்சிருட்டி. இன்னைக்கு ரொம்ப..."

"நீ யாருக்காக நிக்க?"

"டீமுக்காகத்தான்."

"பொய் சொல்லாத. டீமுக்காகன்னா அந்தக் காயல்காரிய நிக்க விட்டிருப்ப. மேடம் எல்லாத்தையும் சொன்னாங்க. நீ எனக்காக நிக்க. என் முட்டு போனதுக்கு நீ கோல் வாங்கிக்கிட்டு இருக்க."

இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"உனக்கு அதுல ஆறுதலா இருக்கு, என்ன? எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சியா? ரெண்டு வருசம் நான் காத்த இடம்ட்டி அது. அங்கன நின்னுக்கிட்டு வாரதயெல்லாம் உள்ள விடுத. மத்தவளுவ என்ன பாவம் செஞ்சாளுவ? கேப்டன் மூஞ்சியப் பாத்தியா நீ?"

"பின்ன நான் என்ன செய்யட்டும்?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்கு நீ ஒண்ணும் செய்யாண்டாம். கோலவிட்டு வெளிய வா. அது போதும்."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். கேட் வரைக்கும் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதுவரை ஒருத்தியின் காலைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு மற்றப் பெண்களின் முகங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னார். விடுதிக்குப் போய்க் காயல்பட்டினத்துப் பெண்ணிடம் நானே கேட்டேன். கடைசி ஆட்டத்துக்கு வருவாயா என்று. "இவ்வளவு நாள் கழிச்சா?" என்றாள் முதலில். பிறகு, "வாரேன். ஆனா காலால ஒதைக்கறத நீ சொல்லித் தரணும்" என்றாள்.

கடைசி ஆட்டம் தூத்துக்குடியில். வெறும் மணல் தரை. கடல் காற்று பந்தை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் என் பழைய இடத்தில் நின்றேன். கால்கள் மறந்திருக்குமோ என்று பயந்தேன். மறக்கவில்லை. முதல் பாதியில் எங்கள் பக்கம் ஒரு கோலும் விழவில்லை. காயல்காரி இரண்டு முறை பக்கவாட்டில் தாவிப் பந்தைத் தட்டிவிட்டாள். கேப்டன் அந்த வருடம் முதல்முறையாக மைதானத்தில் கத்திச் சிரித்ததைக் கேட்டேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். மூலையிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. எனக்கு வாகான பந்து. குதிக்க முழங்காலை மடக்கினேன். பின்னாலிருந்து "கீப்பர்!" என்று குரல் வந்தது. இந்த முறை தெளிவாகக் கேட்டது. நான் ஒதுங்கினேன். தேவைக்கு மேலேயே ஒதுங்கினேன் என்று சொல்ல வேண்டும். பதறி விலகியதில் எதிரணிப் பெண் ஒருத்திக்கு வழிவிட்டுவிட்டேன். அவள் தோள் இடித்ததில் பந்து காயல்காரியின் கையிலிருந்து நழுவி உள்ளே உருண்டது. அந்த ஒரே கோலில் தோற்றோம்.

வேனுக்குப் பக்கத்தில் காயல்காரி தரையில் உட்கார்ந்து தேம்பினாள். சுற்றி நின்ற எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். உன் தப்பு இல்லை, உன் தப்பு இல்லை. நான் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"பந்த நெஞ்சோட சேத்துப் பிடிக்காம விட்டுட்ட. அது உன் தப்பு. நான் பயந்து ஒதுங்கி அவளுக்கு வழி விட்டேன். அது என் தப்பு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். பிறகு தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, நீ ஏன் அப்படி ஓடுன?" என்று கேட்டாள். வேன் தூத்துக்குடியைத் தாண்டும் வரை இருவரும் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். கேப்டன் தூங்கிவிட்டாள்.

அந்த வருடப் போலீஸ் தேர்வுக்குக் கீப்பரால் போக முடியவில்லை. அடுத்த முறை போனாள். எழுத்தில் தேறி, ஓட்டத்தில் பின்தங்கிவிட்டாள். அதற்கடுத்த முறை முட்டு வீங்கிக்கொண்டதால் போகவே இல்லை. எனக்குச் செய்தி எல்லாம் கேப்டன் மூலம் வரும். நான் பி.எட். முடித்து, வீட்டில் பேசிவைத்தபடியே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். என் காலுக்கு ஏதாவது ஆகியிருந்தால்கூட நான் இங்கேதான் வந்து சேர்ந்திருப்பேன். அந்த எண்ணம் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது சில நாள் வரும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன தை மாதம் என் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க, மாமியாராகப் போகிறவரோடு வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் அவள் நின்றாள். கடையின் சீருடைச் சேலை, தலையில் பூ, உடம்பின் பாரத்தை இடது காலில் சாய்த்து நிற்கிற நிற்பு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏட்டி! கல்யாணமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை என்று ஏதோ சொன்னேன். "பகல் பூரா நின்னுக்கிட்டேவா இருக்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பின்ன, சேல விக்கிறவ படுத்துக்கிட்டா விப்பா?" என்றாள்.

அவள் முதலில் விரித்த சேலையையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மேல் அடுக்கில் நல்லதெல்லாம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் எப்படி என்றாள். ஏறி எடுக்கச் சின்ன முக்காலி போட்டிருந்தது.

"வேண்டாம்ட்டி. இதுவே நல்லாருக்கு."

"கல்யாணச் சேலைய இப்படியா எடுப்ப? பேசாம ஒக்காரு."

உட்கார்ந்தேன். அன்று மைதானத்துப் பெஞ்சில் "எனக்கு நீ ஒண்ணும் செய்யாண்டாம்" என்ற அதே குரல். அவள் இடது காலை முக்காலியில் ஊன்றி, வலது காலைப் பைய இழுத்து மேலே வைத்தாள். எடுத்துக்கொண்டு இறங்கினாள். விரித்தாள். மறுபடி ஏறினாள். நான் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முந்தியைத் தோளில் போட்டுப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு எடுப்பாக இல்லை என்றேன். மயில் கழுத்து நிறம் வேண்டும் என்றேன். அவள் உற்சாகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இருவருக்கும் பிடித்த ஒன்று அமைந்தது. மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு அம்மாவோடு வருவதாகச் சொன்னாள். அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது.

படியிறங்கும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாவம், அந்தப் பிள்ளைக்குக் கால்ல ஏதோ கொறை போல. இத்தன தடவ ஏறி எறங்க வச்சிட்டியேம்மா."

"ஆமா அத்த" என்றேன்.